தரம் 5 பிள்ளைக்கு மூன்றாவது ரியூசன் தேவையா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சுன்னாகம் பக்கம் வீடு. மகள் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். பாடசாலையில் காலையில் மேலதிக வகுப்பு, பின்னேரம் இரண்டு ரியூசன், சனி ஞாயிறு மாதிரிப் பரீட்சை. மார்ச் தொடக்கம் புள்ளி 118க்கும் 126க்கும் இடையிலேயே நிற்கிறது. நுண்ணறிவுக்கு, அதாவது கோலம், வரிசை போன்ற யோசிக்கிற கேள்விகளுக்கு, மட்டும் இன்னொரு வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். தரம் 6க்கு யாழ்ப்பாண நகரத்து வேம்படி மகளிர் பாடசாலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறீர்கள். இடையில் ஒரு வரியில், பிள்ளை இரவில் அழுகிறாள், சாப்பாடும் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவது வகுப்பு வேண்டாம். இருக்கிற இரண்டில் ஒன்றையும் நிறுத்துங்கள்.

வாரத்துக்கு இரண்டு வினாத்தாள் செய்தும் புள்ளி அசையவில்லை என்றால் பிள்ளைக்குக் குறைவாக இருப்பது வினாத்தாள் அல்ல. பிழைத்த கேள்வி திருந்தாமலே அடுத்த வினாத்தாள் வந்துவிடுகிறது, அதே பிழை அதிலும் வருகிறது. ரியூசன் கொட்டிலில் வாங்கு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது வாத்தியார் செய்யக்கூடியது சரியான விடையைப் பலகையில் எழுதிப் போடுவதுதான். பிள்ளை அதைச் சிவப்புப் பேனையால் பார்த்து எழுதிக்கொள்ளும். கொப்பியைத் திறந்தால் திருத்தம் நடந்ததுபோலவே இருக்கும். தன்னுடைய விடை ஏன் பிழைத்தது என்று மட்டும் பிள்ளைக்குத் தெரிந்திராது. மூன்றாவது வகுப்பிலும் இதுவேதான் நடக்கும், காசும் நித்திரையும்தான் கூடுதலாகப் போகும்.

பரீட்சையின் அளவைப் பாருங்கள். முதலாம் வினாத்தாள் 40 பல்தேர்வுக் கேள்விகள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாள் 60 கேள்விகள், ஒன்றேகால் மணித்தியாலம். நூறு நூறாக மொத்தம் 200 புள்ளி. அதாவது முதலாவதில் ஒரு கேள்விக்கு 90 செக்கன், இரண்டாவதில் 75 செக்கன். முதலாம் வினாத்தாளில் நாலு கேள்வி சரிவந்தால் பத்துப் புள்ளி ஏறும். உங்கள் மகளுக்கு 120இலிருந்து 140க்குப் போக மலையைப் புரட்ட வேண்டியதில்லை. இரண்டு தாளிலுமாக அநியாயமாக விடுகிற எட்டுப் பத்துக் கேள்விகளைப் பிடித்தால் போதும். அவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் இப்போதைய வேலை.

அதற்கு கடைசியாகச் செய்த நான்கு வினாத்தாள்களை எடுங்கள். புதிதாக ஒன்றும் வாங்கவேண்டாம். பிழைத்த கேள்விகளை மட்டும் ஒரு ஒற்றைரூள் கொப்பியில் எழுதுங்கள், அல்லது வெட்டி ஒட்டுங்கள். வேறு யாரும் எழுதிய விடை அதில் தெரியக்கூடாது. அடுத்த நாள், நேரம் பார்க்காமல், பிள்ளையைக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “இதில என்ன கேட்டிருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். அவள் தன் சொல்லில் சொன்ன பிறகு செய்யவிடுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. பெற்றோருக்கு ஆகக் கஷ்டமான பகுதி இதுதான்.

இப்போது சரியாகச் செய்துவிட்டாள் என்றால் அவளுக்குப் பாடம் தெரியும், பரீட்சையில் வேறு ஏதோ பிழைத்திருக்கிறது. கேள்வியை அரைகுறையாக வாசித்திருந்தால் ஓரத்தில் ‘வா’ என்று போடுங்கள். வழி சரி, கூட்டல் கழித்தல் பிழை என்றால் ‘க’. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது என்றால் ‘நே’. ஆறுதலாக இருந்து செய்தும் வரவில்லை என்றால் மட்டும் ‘தெ’, தெரியாதது. நான்கு வினாத்தாளையும் இப்படிப் பிரித்து எண்ணுங்கள். பல பிள்ளைகளுக்கு ‘தெ’யைவிட மற்ற மூன்றும் சேர்ந்து கூடுதலாக வரும். ரியூசனால் நேரடியாகத் தீர்க்கக்கூடியது ‘தெ’ ஒன்றைத்தான், அதுவும் வாத்தியார் அந்தப் பிள்ளையின் ‘தெ’யைக் கவனித்தால்.

‘வா’ பிழைகள் பெரும்பாலும் ஒரு சொல்லில் தங்கியிருக்கும். “பொருந்தாதது எது”, “தவறான கூற்று எது”, “குறைந்தது எத்தனை”, “மீதி எவ்வளவு”. பிள்ளை முதல் வரியை வாசித்ததும் இது தெரிந்த கணக்கு என்று கை ஓடத் தொடங்கிவிடும். கேள்வியின் கடைசிச் சொல்லைப் பென்சிலால் கீறிவிட்டுத்தான் விடையைப் பார்ப்பது என்று பழக்குங்கள். ஒரு கேள்விக்கு மூன்று செக்கன் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

சில பிழைகள் யாழ்ப்பாணத்தில் எந்த வகுப்பில் வினாத்தாள் திருத்தினாலும் திரும்பத் திரும்ப வரும். அவற்றைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம்.

நேரம். “யாழ்ப்பாணத்தில் 10.45க்குப் புறப்பட்ட பஸ் 1 மணி 20 நிமிடத்தில் பருத்தித்துறையை அடைந்தது. அடைந்த நேரம்?” விடை 11.65 என்று வரும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையில் போடும் புள்ளியைப் பிள்ளை தசமப் புள்ளியாக எடுத்து நூறாகக் கூட்டுகிறது. இதற்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்துப் பயனில்லை. மணிக்கூடு படம் கீறி, முதலில் 11.00 மணிக்கு வர 15 நிமிடம், பிறகு மிச்சம் 1 மணி 5 நிமிடம், ஆகவே 12.05 என்று தாவித் தாவிப் போகப் பழக்குங்கள். நேரத்தைக் கழிப்பதும் இதே வழியில்.

நிறை, நீளம். 2 கிலோகிராம் 50 கிராம் எத்தனை கிராம் என்றால் 250 அல்லது 2500 என்று எழுதும். 2050 என்று எழுதுகிற பிள்ளைக்கே ஆயிரமும் ஐம்பதும் வேறு வேறு பெட்டியில் இருப்பது விளங்கியிருக்கிறது. சுன்னாகம் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். கிலோ 480 ரூபா என்றால் கால் கிலோ எவ்வளவு, 750 கிராம் எவ்வளவு என்று தராசுக்கு முன்னால் நின்று சொல்லவையுங்கள். 120, 360. அரை மணித்தியாலத்தில் அலகு மாற்றமும் பின்னமும் காசுக் கணக்கும் ஒன்றாகப் படிபடும்.

பூச்சியத்துக்கு மேலால் கடன் எடுப்பது. 5003இலிருந்து 1847 போனால் 3156. பிள்ளைகள் சிலர் 4844 என்று எழுதுவார்கள். ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருப்பார்கள். இது தரம் 3இல் தொடங்கிய பிழை, தரம் 5 வினாத்தாள் எத்தனை செய்தாலும் போகாது. கழித்த விடையைக் கீழ் எண்ணோடு கூட்டி மேல் எண் வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் ஒன்றே இதைப் பிடிக்கும்.

வரிசையும் இடைவெளியும். முன்னால் இருந்து 9ஆவதாகவும் பின்னால் இருந்து 14ஆவதாகவும் நிற்கிற பிள்ளையின் வரிசையில் மொத்தம் 22 பேர், 23 அல்ல. அந்தப் பிள்ளையை இரண்டு முறை எண்ணிவிட்டோம். 60 மீற்றர் நீள வேலிக்கு 4 மீற்றருக்கு ஒரு தூண் என்றால் 16 தூண், தொடக்கத்திலும் முடிவிலும் தூண் வரவேண்டும். ஆனால் வளவைச் சுற்றிவர வேலி 60 மீற்றர் என்றால் 15தான், தொடங்கிய தூணிலேயே வந்து முடிகிறது. இந்த இரண்டையும் சூத்திரமாகப் பாடமாக்கிய பிள்ளை பரீட்சையில் மாறிப் போடும். ஐந்து தீக்குச்சியை நட்டுப் பார்த்த பிள்ளை மாறிப் போடாது. நுண்ணறிவு என்று தனி வகுப்பு வைத்து விற்கிற பொருளில் பாதி இப்படித்தான், தீக்குச்சியும் கடதாசியும் போதும். கனவுருவின் மடிப்பு விளங்காவிட்டால் சவர்க்காரப் பெட்டியை வெட்டி விரித்துக் காட்டுங்கள். கண்ணாடி விம்பத்துக்குக் கண்ணாடி.

எண் கோலத்தில் இரண்டு வகையைக் கட்டாயம் பழக்குங்கள். 3, 4, 6, 9, 13 என்று போகிற தொடரில் வித்தியாசத்தைக் கீழே எழுதினால் 1, 2, 3, 4 என்று தெரியும், அடுத்தது 18. 2, 20, 4, 17, 6, 14 என்றால் ஒன்றைவிட்டு ஒன்று பார்க்கவேண்டும், அடுத்தது 8. வித்தியாசம் குழம்பினால் உடனே ஒன்றைவிட்டு ஒன்று பார்ப்பது என்ற ஒழுங்கு கைக்கு வந்தால் இந்தக் கேள்விகள் 30 செக்கனில் முடியும். மிஞ்சுகிற ஒரு நிமிடம் வேறொரு கேள்விக்கு.

‘நே’ பிழைக்கு மருந்து வேகமல்ல, விட்டுவிட்டுப் போகப் பழகுவது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் ஒரு கேள்வியில் ஐந்து நிமிடம் சிக்குவார்கள், விட மனம் வராது. இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் கேள்வி இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே முதலாம் வினாத்தாளில் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது, கடைசி மூன்று நிமிடம் வட்டம் போட்டவற்றுக்குத்தான்.

‘தெ’ பிழைக்கு மாதிரி வினாத்தாளைத் தேடாமல் அரசாங்கம் தந்த பாடநூலைத் திறவுங்கள். வேண்டுமானால் தரம் 4 பாடநூலையும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரத்தின் புத்தகங்களும் இருக்கின்றன. அந்தப் பாடத்தைப் பிள்ளை வாசித்து, அதிலுள்ள பயிற்சியைச் செய்த பிறகு, கொப்பியில் எழுதிய பழைய கேள்விக்குத் திரும்பட்டும். மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை அதே கேள்வியை மீண்டும் கொடுங்கள். இரண்டு முறையும் சரி என்றால் வெட்டிவிடலாம். ஒரு வினாத்தாளின் பிழைகளை இப்படிப் பார்க்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அது முடியாமல் அடுத்த முழு வினாத்தாள் கொடுக்கக்கூடாது. வாரத்துக்கு ஒன்று, பரீட்சைக்கு முந்திய ஆறு வாரத்தில் இரண்டு. அதற்கு மேல் தாங்காது.

எந்த வினாத்தாளைக் கொடுப்பது? பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களுக்கு முதலிடம். கேள்வியின் அளவான கஷ்டமும் சொல்லமைப்பும் அவற்றில்தான் சரியாக இருக்கும். மாதிரி வினாத்தாள்களில் நல்லதும் உண்டு, கழித்துவிட வேண்டியதும் உண்டு. விடை இரண்டு பொருந்துகிற கேள்வி, பாடநூலில் எங்கும் இல்லாத பொதுஅறிவு, பெரியவர்களே பத்து நிமிடம் யோசிக்கிற புதிர் என்று நிறைந்த தாளைச் செய்து 95 எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளை படிப்பில் பின்தங்கவில்லை, தாள்தான் மோசம். வாட்ஸ்அப்பில் “வரப்போகிற கேள்விகள்” என்று வருவதைத் தொடவே வேண்டாம். 2024 பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியானது நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ந்தது. மூன்றரை மாதம் நாடு முழுக்கப் பிள்ளைகள் பதகளிப்பட்டதுதான் மிச்சம்.

இனித் தமிழ். கணக்குக்கு ஓடுகிற அவசரத்தில் தமிழைத் தெரிந்த பாடம் என்று விட்டுவிடுகிறோம். இரண்டாம் வினாத்தாளில் புள்ளி ஒழுகுகிற ஓட்டை இதுதான். எங்களுடைய பேச்சில் ழவும் ளவும் ஒரே சத்தம். ஆகவே பிள்ளை காதால் கேட்டுப் பிழையில்லாமல் எழுதமுடியாது, கண்ணால் வாசித்துத்தான் பழகவேண்டும். வாழையும் வாளையும், கிழவியும் கிளவியும். வாளை மீன் என்று பிள்ளைக்குத் தெரியும், எழுத்தைத்தான் மாறிப் போடும். ர, ற, ன, ண, ந எல்லாம் இதே கதை. நாளுக்கு ஐந்து சொல் சொல்வதெழுதுதல், பிழைத்ததை வசனத்தில் வைத்து ஒருமுறை எழுதுவது. இருபது முறை எழுதச் சொல்லித் தண்டிக்கவேண்டாம், ஏழாவது முறையிலேயே கை தனியாக எழுதும், மூளை வேறெங்கோ இருக்கும்.

எழுவாயும் பயனிலையும் பொருந்தாமல் போவது அடுத்தது. “பறவைகள் பறந்தது”, “மாடுகள் மேய்கிறது”. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறோம். கதைப்பதைத் திருத்தவேண்டாம், எழுத்தில் பறந்தன, மேய்கின்றன என்று வரவேண்டும் என்பதைத் தனியாகப் பழக்குங்கள். ஐந்து வசனம் எழுதச் சொன்னால் “வாறன்”, “எங்கட”, “போகேக்க” என்பவை உள்ளே வரும். எழுதி முடிந்ததும் பிள்ளையே அவற்றைத் தேடிப் பென்சிலால் கீறட்டும்.

பந்தியை வாசித்து விடை எழுதும் பகுதிக்கு ஒரே வழி வாசிப்பு. பயிற்சிப் புத்தகம் அல்ல, கதைப் புத்தகம். நிறுத்துகிற ரியூசனின் நேரத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். சுன்னாகம் பொது நூலகம் கிட்ட, மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கும் போகலாம். பிள்ளை தானே தெரிவுசெய்த புத்தகம்தான் வேண்டும். “இதில் என்ன படிப்பினை” என்று கேட்டு அதையும் வினாத்தாள் ஆக்கிவிடாதீர்கள்.

சிங்களமும் ஆங்கிலமும் சில கேள்விகள்தான். ஆனால் பாடநூலைத் தாண்டிப் போகாதவை, வாரத்துக்கு இரண்டு நாள் இருபது நிமிடம் கொடுத்தால் முழுப் புள்ளி எடுக்கலாம். எங்கள் பிள்ளைகளின் காதில் சிங்களம் விழுவது குறைவு என்பதால் எழுத்து மறந்துபோகும். பால்மாப் பக்கற், சவர்க்கார உறை, பஸ் பலகை எல்லாவற்றிலும் மூன்று மொழியும் இருக்கிறது, வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றாடலுக்குப் பாடநூலே போதும். அதில் உள்ள படங்களையும் அட்டவணைகளையும் வாசிக்கத் தெரியவேண்டும், பந்திகளை மட்டும் அல்ல.

எந்த ரியூசனை நிறுத்துவது என்று கேட்பீர்கள். பிள்ளையின் பிழையைத் தனியாகப் பார்க்கிறவர் எவரோ அவரை வைத்துக்கொள்ளுங்கள், பெயர் பெரிதாக உள்ளவரை அல்ல. வகுப்பு ரீச்சரிடம் போய் ‘வா’, ‘க’, ‘நே’, ‘தெ’ கணக்கைக் காட்டுங்கள். “என்ர பிள்ளைக்கு எத்தனை புள்ளி வரும் ரீச்சர்?” என்று கேட்டால் அவர் சமாளிப்பாகத்தான் ஏதாவது சொல்லமுடியும். “நேரக் கணக்கும் எழுவாய் பயனிலையும் பிழைக்குது, கொஞ்சம் பாருங்கோ” என்றால் அடுத்த நாளே ஏதாவது செய்வார்.

அழுகையும் சாப்பாடும் புள்ளிப் பிரச்சினையைவிட முந்திப் பார்க்கவேண்டியவை. பத்து வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது ஒன்பது மணித்தியாலம் நித்திரை வேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்து விடிய நாலரைக்கு எழும்புகிற பிள்ளைக்கு ஆறு. பாடமாக்கியது தலையில் பதிவதே நித்திரையில்தான். அந்த மூன்று மணித்தியாலத்தை வெட்டிப் படிப்பிப்பது, வாளியின் அடியில் துளையிட்டுவிட்டுத் தண்ணீர் அள்ளுவது. விடியக் காலை எழுப்புவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரவு எட்டரைக்குப் பிறகு கொப்பி மூடவேண்டும். பாடசாலை விட்டு வந்து சாப்பிட்ட பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் வேண்டாம், யாழ்ப்பாணத்து மே, ஜூன் வெக்கையில் பெரியவர்களுக்கே பின்னேரம் மூன்று மணிக்குத் தலை வேலை செய்யாது. ஐந்து மணிக்கு முற்றத்தில் விளையாட்டு. படிப்பை ஐந்தரை தொடக்கம் எட்டு வரைக்குள் முடித்துவிடலாம், இடையில் சாமி கும்பிடவும் சாப்பிடவும் நேரம் இருக்கும்.

தலையிடி, கண்ணைச் சுருக்கிப் பலகை பார்ப்பது இருந்தால் கண்ணைக் காட்டுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 4இல் நடந்திருக்கும், அன்றைக்குச் சரியாக இருந்த கண் ஒரு வருடத்தில் மாறலாம். கோலக் கேள்விகளில் சின்னக் கோடு தெரியாமல் பிழைவிடுகிற பிள்ளையை நுண்ணறிவு குறைவு என்று ஏசிக்கொண்டிருப்போம். பார்வை, கேட்டல், எழுத்தில் விசேட தேவை உள்ள பிள்ளை என்றால் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு அதிபர் ஊடாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். மருத்துவக் கடிதத்தைக் கடைசி நேரத்துக்கு விடவேண்டாம்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அழுகை குறையாவிட்டால், சாப்பாடு ஏறாவிட்டால், அது பரீட்சைப் பயத்தைத் தாண்டியது. மருத்துவரிடம் காட்டுங்கள். ஒப்பிட்டுப் பேசுவதை அதற்கு முன்னமே நிறுத்தவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை, அக்காவின் மகன் அந்தக் காலம் எத்தனை என்பதெல்லாம் பிள்ளை கேட்கிற தூரத்தில் வேண்டாம். புள்ளியைச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தையும் விடுங்கள். வெளிநாட்டிலிருந்து மாமா எடுத்து “எத்தனையடி குஞ்சு?” என்று கேட்பது அன்பில்தான், பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை.

பரீட்சை நாளைப் பற்றிச் சுருக்கமாக. கொவிட்டாலும் பிறகு வந்த நெருக்கடியாலும் பரீட்சை இடம்மாறி, 2022இல் டிசம்பரிலும் 2023இல் ஒக்டோபரிலும் 2024இல் செப்ரெம்பரிலும் நடந்து, 2025இல்தான் ஓகஸ்ட் 10க்குத் திரும்பி வந்தது. ஓகஸ்ட் என்றால் எங்களுக்கு நல்லூர்க் கந்தன் திருவிழா. அந்த வருடம் கொடியேற்றம் ஜூலை 29. ஊர்க் கோயில்களின் லவுட்ஸ்பீக்கரும் அதே நாட்களில்தான். பிள்ளையை நல்லூருக்குக் கொண்டுபோகவே கூடாது என்று கட்டிவைக்கவேண்டாம். ஒரு காலைப் பூசைக்குப் போய்வரட்டும், இரவுத் திருவிழாவையும் ஐஸ்கிறீமையும் பரீட்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் புதிய வினாத்தாள் இல்லை, பிழைக் கொப்பி மட்டும். பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் சட்டப்படி தடை. ஒளித்து நடக்கிற “இறுதிக் கருத்தரங்கு”க்கு அனுப்பாதீர்கள்.

அண்மைக் காலமாக இரண்டாம் வினாத்தாளை முதலில் கொடுத்து, அரை மணித்தியால இடைவேளைக்குப் பிறகு முதலாவதைக் கொடுக்கிறார்கள். வீட்டில் செய்யும்போதும் அந்த ஒழுங்கில் செய்யுங்கள், பெயரைப் பார்த்து மாறிச் செய்து பழகிய பிள்ளை மண்டபத்தில் திகைக்கும். தன் பரீட்சைச் சுட்டெண்ணைப் பார்க்காமல் எழுதத் தெரியவேண்டும், எந்தப் பக்கங்களில் எழுதச் சொல்கிறார்களோ அத்தனையிலும் எழுதவேண்டும். கூரான இரண்டு பென்சில், அழிறப்பர், அடிமட்டம், தண்ணீர்ப் போத்தல், இடைவேளைக்கு வழமையாகச் சாப்பிடுகிற ஏதாவது. அன்றைக்கென்று புதுச் சப்பாத்து வேண்டாம். வெளியே வந்ததும் வாசலில் வைத்து விடை கேட்கவேண்டாம்.

இனி வேம்படி. பெற்றோர் இரண்டு வெட்டுப்புள்ளியைக் குழப்பிக்கொள்கிறார்கள். பெறுபேற்றோடு மாவட்ட ரீதியாக, மொழி மூலத்துக்கு ஒன்றாக வெளிவருவது உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி. குடும்ப வருமானம் குறித்த எல்லைக்குள் இருந்தால் பிள்ளைக்கு மாதாந்தம் சிறு தொகை கிடைக்கும், வருமானத்தைக் கிராம அலுவலர் ஊடாக உறுதிப்படுத்தவேண்டும். தரம் 6 அனுமதிக்குப் பாடசாலைக்குப் பாடசாலை வேறு வெட்டுப்புள்ளி, அது பிறகு வரும், வேம்படி போன்ற பாடசாலைகளுக்குப் பெரும்பாலும் மாவட்ட வெட்டுப்புள்ளியைவிட உயரம். பாடசாலைகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பித்தான் விண்ணப்பிக்கவேண்டும். அந்த ஒழுங்கைப் பெறுபேறு வந்த பதற்றத்தில் போடாமல் இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

மண்டபத்தில் பிள்ளை எடுக்கிற புள்ளிக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் தூரத்துக்கும் வேண்டும். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் பத்துக் கிலோமீற்றர் வரை வரும். காங்கேசன்துறை வீதியில் காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போய்த் திரும்புவது பதினொரு வயதுப் பிள்ளைக்கு எட்டு வருடம். வான் காசும் அதே எட்டு வருடம். உங்களுக்கு மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி காலடியில் இருக்கிறது, 1913இலிருந்து பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிற இடம். சுன்னாகத்திலேயே ஸ்கந்தவரோதயா, கொஞ்சம் தள்ளித் தெல்லிப்பழையில் மகாஜனாவும் யூனியனும். கட்டணம் கட்டமுடியும் என்றால் உடுவில் மகளிர் கல்லூரி. இவற்றில் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள். ஒரு பாடசாலையைத் தேர முன் மூன்று விடயம் விசாரியுங்கள்: தரம் 6 வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா, உயர்தரத்தில் எந்தப் பிரிவுகள் உண்டு.

“வேம்படி கிடைக்காவிட்டால்” என்ற வசனத்தைப் பிள்ளை கேட்டிருப்பாள். அதற்குப் பதிலாக இன்னொரு வசனமும் அவள் கேட்கவேண்டும்: வராவிட்டால் இராமநாதனுக்குப் போவாய், அங்கே இன்னின்ன இருக்கிறது. மாற்று வழி பெயரோடும் இடத்தோடும் தெரிந்தால் அரைவாசிப் பயம் இறங்கும். வெருட்டினால் படிக்கும் என்கிறவர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் வெருண்ட பிள்ளை முதலில் இழப்பது கேள்வியை ஆறுதலாக வாசிக்கும் சக்தியைத்தான், உங்கள் கொப்பியில் ‘வா’ எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

பரீட்சை முடிந்த பிறகும் வருடம் மூன்றிலொரு பங்கு மிச்சம் இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு அந்த மூன்றாம் தவணை வீணாகப் போகிறது. பாடசாலைக்கு அனுப்பாமல் விடுகிறார்கள், அல்லது ஒரு வாரத்துக்குள் தரம் 6 ரியூசன் தொடங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். வாணி விழா, சிறுவர் தினம், ஆசிரியர் தினம் எல்லாம் அந்தத் தவணையில்தான். ஆரம்பப் பாடசாலையோடு நின்றுவிடுகிற பாடசாலை என்றால் ஐந்து வருடம் ஒன்றாக இருந்த பிள்ளைகள் பிரிகிற நேரமும் அதுதான். பரீட்சைக்காக ஆடல், பாடல், சித்திரம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதை மீட்க இது காலம். கார்த்திகை மழையில் கந்தரோடைப் பக்கம் வழுக்கையாறு ஓடும்போது கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். மகாவலியின் நீளத்தைப் பாடமாக்கிய எங்கள் பிள்ளைகளில் பலர் ஆறு ஓடுவதைக் கண்டதில்லை.

தரம் 6இல் வகுப்புக்கு ஒரு ரீச்சர் என்பது போய்ப் பாடத்துக்கு ஒருவர் வருவார். நேரசூசி பார்த்துப் புத்தகப் பை அடுக்கத் தெரியாத பிள்ளை முதல் மாதம் திண்டாடும். செப்ரெம்பரிலிருந்து பையை அவளே அடுக்கட்டும், வீட்டுவேலைக் குறிப்பை அவளே எழுதட்டும். பல்தேர்விலும் ஒற்றைச் சொல் விடையிலும் பழகிய கைக்கு ஒரு பக்கம் தொடர்ந்து எழுதுவது பாரமாக இருக்கும், வாரம் ஒரு கடிதமோ நாட்குறிப்போ எழுதவையுங்கள். இராமநாதனோ ஸ்கந்தவரோதயாவோ என்றால் சைக்கிளில்தான் போகப்போகிறாள். டிசம்பர் விடுமுறையில் ஒழுங்கையில் ஓடிப் பழகி, பிறகு பெரியவர் ஒருவரோடு காங்கேசன்துறை வீதியைக் கடக்கப் பழகட்டும். சீற்றில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் படவேண்டும், பின் பிறேக்கை ஈரத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.